மோதிரத்தை உடைத்திருக்க வேண்டாம்

போன மாதம் ஒரு நாள் இரவு ஒரு மணி பிரேக்கில், டீமில் இருக்கும் தம்பி ஒருவன் டீக் கோப்பையோடு வந்து உட்கார்ந்தான். "அக்கா, உங்களைப் பத்தி அமெரிக்காக்காரன் அஞ்சு சீசன் எடுத்து வச்சிருக்கான். நீங்க பாக்கவே இல்லையா?" என்றான். என்னடா என்று விசாரித்தால், பகலில் வெளியே வராத, இரவில் துப்பறிகிற, எந்நேரமும் கறுப்பு உடை போடுகிற ஒரு ரத்தக்காட்டேரியின் கதையாம். சீரியல் பெயர் 'ஏஞ்சல்'. 1999 அக்டோபரில் ஆரம்பித்து 2004 மே வரை ஓடியிருக்கிறது, மொத்தம் 110 எபிசோடு.

கறுப்பு உடை மட்டும் எனக்குப் பொருந்தாது. ஏசி குளிருக்கு அம்மாவின் பழைய ஊதா ஷாலைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நான். மற்றதெல்லாம் சரிதான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெங்களூரு ரிங் ரோடு பக்கம் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாக ஏ.ஆர். காலர், அதாவது வரவேண்டிய பணத்துக்காகப் போன் போடுகிறவள். கலிபோர்னியாவில் ஒருவர் முழங்கால் வலி என்று டாக்டரிடம் போவார். டாக்டரின் பில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும். அவர்கள் 'தரமுடியாது' என்று ஒரு கோட் நம்பர் போட்டுத் திருப்புவார்கள். சிஓ 16 என்றால் ஏதோ விவரம் குறைகிறது. சிஓ 18 என்றால் இதே பில் ஏற்கனவே வந்துவிட்டது. சிஓ 29 என்றால் அனுப்ப வேண்டிய கெடு தாண்டிவிட்டது. ஏன் தரவில்லை, யார் தப்பு, பணத்தை எப்படி வாங்குவது என்று போன் போட்டுக் குடைவதுதான் என் வேலை. இரவு எட்டரைக்கு லாகின், அங்கே அப்போது காலை எட்டு. விடியற்காலை ஐந்தரைக்கு லாகவுட்.

இதைத் துப்பறியும் வேலை என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். ஆனால் ஆகஸ்டில் ஒரு சிஓ 29 வந்தது. டாக்டர் ஆபீஸில் கெடுவுக்குள் அனுப்பினோம் என்று சத்தியம் செய்கிறார்கள். இன்சூரன்ஸில் வரவே இல்லை என்கிறார்கள். நாற்பது நிமிஷம் ஹோல்டில் பியானோ கேட்டேன். பிறகு டாக்டரின் பில்லை இன்சூரன்ஸுக்குக் கடத்திவிடுகிற கிளியரிங் ஹவுஸின் ரிப்போர்ட்டை வரி வரியாகப் பார்த்தால், கெடுவுக்கு ஒன்பது நாள் முன்னாலேயே அந்த பில்லை இன்சூரன்ஸ் ஏற்றுக்கொண்டதாக ஒரே ஒரு வரி! அதை வைத்து அப்பீல் போட்டோம், பணம் வந்தது. கத்தி, கோடாலி எதுவும் இல்லாமல் ஒரு வழக்கு முடிந்தது. சரி, கதைக்கு வருகிறேன்.

ஏஞ்சல் அயர்லாந்தின் கால்வே ஊர்க்காரன், 1753இல் ரத்தக்காட்டேரி ஆனவன். ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆடாத ஆட்டம் இல்லை. 1898இல் ஒரு நாடோடிக் குழுவின் பெண்ணைக் கொன்றதால், அவர்கள் சாபம் போட்டு அவன் ஆன்மாவைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். சாபமே அதுதான்: செய்ததெல்லாம் ஞாபகம் இருக்கும், உறுத்தும். அந்த உறுத்தலோடு லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சின்ன ஆபீஸ் போட்டு, கஷ்டப்படுகிறவர்களுக்கு உதவுகிறான். பகலில் எங்காவது போக வேண்டுமானால் சாக்கடைச் சுரங்கம் வழியாகப் போகிறான். கார் மட்டும் கூரையை மடக்கித் திறக்கிற 1967 மாடல் பிளிமத். வெயில் பட்டால் எரிகிறவனுக்கு எதற்கு அந்த வண்டி என்று நானும் தம்பியும் சண்டை போட்டாகிவிட்டது.

வேம்பயருக்கு டப்பிங் படங்களில் ரத்தக்காட்டேரி என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் ஒரு சங்கடம் உண்டு. குடியாத்தம் பக்கம் எங்கள் ஆயா காட்டேரிக்குப் படையல் போட்டவள். காட்டேரி கும்பிடுகிற சாமி, கோபக்கார சாமி. அதைக் கோட்டு போட்ட வெள்ளைக்காரனோடு சேர்க்க மனசு வரவில்லை. ஏஞ்சலுக்குச் சரியான உறவுக்காரன் நம் வேதாளம்தான். அதுவும் ராத்திரி உத்தியோகம், அதுவும் வழக்குகளைச் சொல்லி 'யார் குற்றவாளி' என்று கேட்கிறது. என்ன, நம்மாள் கேள்வியோடு முருங்கை மரத்துக்குத் திரும்பிவிடுவான். இவன் பதிலையும் தேடிப் போகிறான்.

மூன்றாவது எபிசோடு 'இன் த டார்க்'. 1999 அக்டோபர் 19இல் வந்தது. இதைத்தான் நான்கு முறை பார்த்திருக்கிறேன்.

ஆரம்பமே அருமை. ஒரு பெண்ணைக் காதலனிடமிருந்து ஏஞ்சல் காப்பாற்றுகிறான். அவள் நன்றி சொல்கிறாள், இவன் உம்மென்று நிற்கிறான். கேமரா மேலே போனால் மொட்டை மாடியில் ஸ்பைக், இவனுடைய பழைய கூட்டாளி, இன்னொரு ரத்தக்காட்டேரி. கீழே நடப்பது அவன் காதில் விழாது. இரண்டு பேருக்கும் அவனே குரல் கொடுத்து, பெண் குரலில் உருகி, ஆண் குரலில் பீற்றி நடிக்கிறான். கூட்டிக் கழித்தால் ஒரு நிமிஷம் இருக்கும். நாயகனை அவன் சீரியலிலேயே இப்படி உரித்துத் தொங்கவிட ஒரு தைரியம் வேண்டும்.

ஸ்பைக் வந்தது ஒரு மோதிரத்துக்காக. அமாராவின் மணி பதித்த மோதிரம். அதைப் போட்ட ரத்தக்காட்டேரியை வெயில் சுடாது, மரக்கட்டையால் நெஞ்சில் குத்தினாலும் சாவு கிடையாது. ஏஞ்சலின் பழைய காதலி பஃபி அந்த மோதிரத்தை ஓஸ் என்ற நண்பனிடம் கொடுத்து ஏஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறாள். ஏஞ்சல் அதைப் போட்டுக்கொள்ளாமல் ஒளித்துவைக்கிறான். ஸ்பைக் அவனைச் சங்கிலியில் தொங்கவிட்டு, மார்கஸ் என்ற சித்திரவதை நிபுணனை வரவழைக்கிறான். மார்கஸ் மொசார்ட் இசையைப் போட்டுவிட்டு, பழுக்கக் காய்ச்சிய கம்பியோடு நிதானமாக வேலையை ஆரம்பிக்கிறான். நான் ஹோல்டில் கேட்கிற பியானோ என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் மார்கஸைப் பார்த்ததும் 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்கிற குரல்தான் ஞாபகம் வந்தது.

கடைசியில் மோதிரம் மார்கஸ் கைக்கே போய்விடுகிறது, அவனும் ரத்தக்காட்டேரிதான். ஸ்பைக் ஏமாந்து நிற்கிறான். மார்கஸ் பட்டப்பகலில் கடற்கரைப் பாலத்துக்குப் போய்விடுகிறான், அங்கே குழந்தைகள் விளையாடுகிறார்கள். ஏஞ்சல் வெயிலிலேயே ஓடுகிறான். உடம்பு தீப்பற்றி எரிய எரிய ஓடி, மார்கஸை அணைத்தபடி தண்ணீரில் விழுகிறான். பாலத்துக்கு அடியில் மோதிரத்தை உருவி எடுத்துத் தன் விரலில் போட்டுக்கொண்டு வெளியே வருகிறான். வெயில் முகத்தில் படுகிறது, ஒன்றும் ஆகவில்லை. கிட்டத்தட்ட இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகு.

அந்த முகத்தை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை, தீபாவளி லீவில், காலை பத்து மணிக்கு முழு விழிப்போடு அல்சூர் ஏரிக்கரையில் நிற்கும்போது. வெயில் இவ்வளவு மஞ்சளா என்று இருக்கும்.

அப்புறம்தான் அந்தக் காட்சி. மொட்டை மாடி, அந்தி நேரம், ஏஞ்சலும் நண்பன் டாயலும். சூரியன் மறைகிறது. அது முழுக்க மறைந்ததும் ஏஞ்சல் ஒரு செங்கல்லை எடுத்து, மோதிரத்தை நசுக்கிப்போடுகிறான். அவன் சொல்கிற காரணம் இதுதான்: பகல் உலகம் பகலில் வாழ்கிறவர்களுக்காகவே அமைந்தது. இருட்டில் மாட்டிக்கொண்டு தவிக்கிறவர்கள் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. நானும் அந்தப் பக்கம் போனால் எனக்கும் தெரியாமல் போய்விடும்.

பகல் உலகம் பற்றி அவன் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. பாங்க் பத்துக்கு, கேஸ் சிலிண்டர் பதினொன்றுக்கு, மகள் பள்ளியில் பேரண்ட்ஸ் மீட்டிங் பன்னிரண்டுக்கு. எல்லாம் என் நடு ராத்திரியில். சொந்தக்காரர்கள் போன் செய்து, "என்னாம்மா, இந்நேரத்துக்குத் தூக்கம்?" என்பார்கள். அவர்களுக்கு நான் ராத்திரி மூன்று மணிக்குப் போன் போட்டு அதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்று ஒரு வெறி ரொம்ப நாளாக உண்டு.

இன்னொன்று. அழைக்காமல் ரத்தக்காட்டேரி ஒரு வீட்டுக்குள் நுழைய முடியாது என்பது அந்த உலகத்துச் சட்டம். எங்கள் ஓனரம்மா இரவு பத்தரைக்கு கேட்டைப் பூட்டினால் காலை ஆறரைக்குத்தான் திறப்பார். கேப் என்னை ஆறேகாலுக்கு இறக்கிவிடும். கால் மணி நேரம் வாசலில் நிற்பேன். தொண்ணூறுகளில் இந்த ஊரில் ராத்திரி கதவைத் தட்டுகிற பேய் ஒன்று வருகிறது என்று வதந்தி கிளம்பி, ஜனங்கள் சுவரில் கன்னடத்தில் 'நாளே பா' என்று எழுதி வைத்தார்களாம். நாளைக்கு வா என்று படித்துவிட்டுப் பேய் போய்விடுமாம், மறுநாளும் அதையே படிக்குமாம். ஓனரம்மாவே சொன்ன கதை. "நீ நின்னுட்டிருக்கறத பாத்தா எனக்கு அதான் ஞாபகம் வருது" என்று சிரித்தார். சாவி இன்னும் தரவில்லை.

அந்தக் கால் மணி நேரத்தில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு, எதிரே நந்தினி பூத்தில் பால் வாங்கிக்கொண்டு கிழக்கைப் பார்த்து நிற்பது. இந்த எபிசோடைப் பார்த்த பிறகு கணக்குப் போட்டேன். அக்டோபர் நடுவில் லாஸ் ஏஞ்சல்ஸில் சாயங்காலம் ஆறேகால், ஆறரைக்குச் சூரியன் மறையும். பன்னிரண்டரை மணி நேரத்தைக் கூட்டினால் நமக்குக் காலை ஆறே முக்கால், ஏழு. அவன் மொட்டை மாடியில் வழியனுப்பிய அதே சூரியன் அந்நேரம் எங்கள் தெரு முனையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மேலே ஏறிக்கொண்டிருக்கும்.

ஆனால் மோதிரத்தை உடைத்ததுதான் எனக்கு ஆறவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் தியாகம் என்று சொல்கிற காட்சி. முதல் தடவை நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இரண்டாவது தடவை சந்தேகம் வந்தது. மோதிரத்தைப் போட்டுக்கொண்டே ராத்திரி வேலைக்கும் போகலாமே? யார் தடுத்தது? நெருப்புப் பிடிக்காத ஆள் இன்னும் நான்கு பேரைக் கூடுதலாகக் காப்பாற்றலாம். பெட்டியில் பூட்டியாவது வைத்திருக்கலாம். அவனுக்குப் பகலைப் பார்த்துப் பயம். இருட்டில் அவன் பெரிய ஆள். வெயிலில் வரிசையில் நிற்கிற நூறு பேரில் ஒருவன். அதை டாயலிடம் சொல்ல முடியாமல் கௌரவமாக ஒரு காரணம் சொல்லிவிட்டான்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கும் ஒரு மோதிரம் வந்தது. குவாலிட்டி டீமில் டே ஷிப்ட். வேண்டாம் என்றேன். நைட் அலவன்ஸ் போய்விடும், மகள் பீஸ் கட்ட வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். அவரும் "பாவம், நமக்காக உடம்பக் கெடுத்துக்கறா" என்று என் மாமியாரிடம் சொன்னார். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அலவன்ஸ் உண்மை, பீஸும் உண்மை. ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு, பாதி லைட் அணைந்த ஃப்ளோரில், ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு ஒரு பில்லைத் துரத்துகிற நேரத்தில் என்னை அம்மா, அண்ணி, மருமகளே என்று கூப்பிட ஆள் கிடையாது. அதை எப்படிச் சொல்வது?

இந்த வாரம் அந்த டே ஷிப்ட் மெயில் மறுபடியும் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

நேற்று ஞாயிறு. தீபாவளிக்கு முன்னால் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று அவர் படுக்கையறையில் ஸ்டூல் போட்டு ஏறினார். ஜன்னலில் நான் ஒட்டிவைத்திருக்கும் கறுப்புச் சார்ட் பேப்பரின் ஒரு மூலையைப் பிய்த்தார். கட்டில்மேல் விரல் அகலத்துக்கு வெயில் விழுந்தது.

"இத மொத்தமா கழட்டிடட்டுமா?" என்றார்.

"அந்த ஜன்னல கடைசியா வச்சுக்கலாங்க" என்றேன். அவர் அந்த மூலையைத் திரும்ப ஒட்டினார். பழைய பசை, சரியாக ஒட்டவில்லை.