ஈயக் குண்டு வேட்டை

தூண்டிலுக்கு ஈயக் குண்டு வாங்கிக் கட்டுப்படி ஆகவில்லை, காசிமேட்டுப் பாறையில் மாட்டி தினம் நாலைந்து போகிறது. அதனால் நானே ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றிக் குண்டு செய்யலாம் என்று புதுப்பேட்டை முழுக்க அலைந்து, டயர் கடைகளில் கழற்றிப் போட்ட வீல் வெயிட்டை (சக்கரம் ஆடாமல் சுற்ற விளிம்பில் மாட்டும் சின்ன எடைத் துண்டு) கெஞ்சி வாங்கி ஒரு டப்பா சேர்த்தேன். பார்த்தால் பாதி இரும்பு, துத்தநாகம்! ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகத்துக்கு 419 வேண்டும், அதனால் சூட்டை அடக்கி வைத்தால் மற்றதெல்லாம் மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளிவிடலாம். அச்சில் சொட்டு ஈரம் இருந்தால் போதும், வெடித்துத் தெறிக்கும், என் சட்டைக் கையில் ஓட்டையே சாட்சி. புகையும் விஷம், மொட்டை மாடியில்தான் வேலை.

ஈயச் சொம்பு ரசம் சாப்பிடுகிறோமே என்று அம்மா கேட்டார். அது வெள்ளீயம் அம்மா, இது காரீயம். அப்புறம்தான் பழைய வாணலியைத் தலைமுழுகித் தந்தார்.

இதுவரை தேறியது 22 குண்டு.