தொட்டிக்கு வெளியே இருந்த தண்ணீர்

நானே பொறுப்பேற்று வரைந்த முதல் தொட்டி, 80 டிகிரி செல்சியஸ் வெந்நீரைத் தேக்கி வைக்கும் சாதாரணத் தொட்டிதான். பழைய டிராயிங்கில் எஸ்.எஸ். 304 என்றிருந்தது; எஸ்.எஸ். என்றால் துருப்பிடிக்காத எஃகு, 304 அதில் ஒரு ரகம். அதை அடித்துவிட்டு 316எல் என்ற இன்னொரு ரகத்தை எழுதினேன். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் "அது இதைவிட நல்லது சார்" என்பதைத் தாண்டி என்னிடம் பதில் இருந்திருக்காது. யாரும் கேட்கவில்லை.

14 மாதத்தில் தொட்டி கசிந்தது.

பாடம் எனக்குத் தெரியாமல் இல்லை. 304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316-இல் அதோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். உப்பிலிருக்கும் குளோரைடு தகட்டில் குழி பறிப்பதை அது தள்ளிப்போடும். 'எல்' என்றால் கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேல் இருக்காது. வெல்டிங் சூட்டில் குரோமியத்தைக் கார்பன் இழுத்துக்கொண்டு போய்ப் படிக எல்லைகளில் உட்கார்ந்துவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. நேர்முகத் தேர்வில் இதையெல்லாம் கடகடவென்று ஒப்பித்தவன்தான் நான். ஆனால் தொட்டியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. 'எவர்சில்வர்' என்ற சொல்லிலேயே வளர்ந்த நமக்கு அந்த 'எவர்' மேல் கொஞ்சம் அதிகமாகவே நம்பிக்கை இருக்கிறது.

கசிந்த இடத்தில் இன்சுலேஷனைப் பிரித்ததும் முதலில் தகட்டின் கனத்தை அளந்தோம். ஒரு துளி குறையவில்லை. துருவும் இல்லை, பளபளவென்றுதான் இருந்தது. பிறகு விரிசலில் ஊறிக் காட்டிக்கொடுக்கும் சாயமான டை பெனட்ரண்ட் அடித்துப் பார்த்தபோது வெல்டிங்குக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடுகள் தெரிந்தன. மரத்தின் வேர் பிரிந்து பிரிந்து போகுமே, அப்படி. குளோரைடும் சூடும் இழுவிசையும் ஒன்று சேர்ந்தால் வரும் விரிசல் இது. வெல்டிங் முடிந்த தகட்டில் மிச்சமிருக்கும் உள் இறுக்கமே இழுவிசைக்குப் போதும், வெளியிலிருந்து யாரும் இழுக்க வேண்டியதில்லை.

உடனே தொட்டித் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினேன். குளோரைடு 40 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 40 பங்கு. இவ்வளவு குறைவாக இருந்தும் எப்படி என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். எங்கள் மூத்த பொறியாளர் வந்தார். தொட்டியை அவர் பார்க்கவே இல்லை. தரையில் கிடந்த இன்சுலேஷன் துண்டை எடுத்துப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது.

"தம்பி, விரிசல் உள்ளேயிருந்து வந்ததா, வெளியேயிருந்து வந்ததா?"

நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை. மேல் தளத்தைக் கழுவும் தண்ணீர் குழாய் நுழையும் இடைவெளி வழியாக இறங்கி, இன்சுலேஷனுக்குள் ஊறியிருந்தது. சூடான தகட்டில் பட்டதும் நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். மறுநாள் மறுபடியும் கொஞ்சம் வரும். உப்பளத்தில் நடப்பதுதான் அங்கும் நடந்தது. தொட்டிக்குள் 40 பிபிஎம் இருந்தாலும் தகட்டின் வெளிப்பக்கம் எத்தனை ஆயிரம் சேர்ந்திருந்தது என்று எந்தச் சோதனை அறிக்கையிலும் இல்லை. இந்த வகை விரிசலுக்கு எதிராக மாலிப்டினம் பெரிதாகக் கைகொடுக்காது. 304-க்கு அதே கதி கொஞ்சம் முன்னதாக வந்திருக்கும், அவ்வளவுதான்.

அடுத்து என் உற்சாகம் டூப்ளெக்ஸ் பக்கம், அதாவது இரண்டு வகைப் படிக அமைப்பு கலந்த எஸ்.எஸ். பக்கம், தாவியது. அதில் 2205 என்ற ரகத்தில் 22 சதவீதம் குரோமியம், 5 சதவீதம் நிக்கல், 3 சதவீதம் மாலிப்டினம், கொஞ்சம் நைட்ரஜன். இந்த விரிசலுக்கு அது நன்றாகவே ஈடுகொடுக்கும். ஈல்டு வலிமை, அதாவது நிரந்தரமாக உருமாறாமல் தாங்கும் அளவு, 450 மெகாபாஸ்கல். 316எல்லுக்கு வெறும் 170. கசிந்த தொட்டிக்குப் பதிலாக டூப்ளெக்ஸில் புதியது செய்தோம். செய்யும்போதுதான் தெரிந்தது, பற்றவைக்கும் சூட்டைச் சரியாகக் கட்டுப்படுத்தாவிட்டால் அதன் உள் அமைப்பே குலைந்துவிடும். வெல்டரின் முதல் சோதனைத் துண்டு தேறவில்லை. பழகிய கையை மாற்ற அவருக்கும் நாள் பிடித்தது, பாவம்.

அதே தளத்தில் இன்னும் இரண்டு தொட்டிகள் விரிசல் விடாமல் இருந்தன. அவற்றையும் மாற்றிவிடலாம் என்று நான் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்த மூத்தவர், "பெயின்ட் அடித்தால் என்ன?" என்றார். எஸ்.எஸ்ஸுக்குப் பெயின்டா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இன்சுலேஷனுக்கு அடியில் இருக்கும் எஸ்.எஸ்ஸுக்கு எபாக்ஸிப் பூச்சு அடிப்பதும் அலுமினியத் தாள் சுற்றுவதும் தொழிலில் நடைமுறைதான். பூச்சு அடித்து, மேல் உறையின் இடுக்குகளை அடைத்து, தண்ணீர் இறங்கும் வழியை மூடினோம். அந்த இரண்டும் 316எல்லாகவே இன்னும் ஓடுகின்றன.

60 டிகிரிக்குக் கீழே இந்த விரிசல் வராது என்று ஒரு கணக்கு எல்லோர் வாயிலும் உண்டு. நானும் கொஞ்ச காலம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். 1985-இல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் ஒரு நீச்சல் குளத்தின் கான்கிரீட் உள்கூரை விழுந்து 12 பேர் இறந்த சம்பவத்தைப் படித்த பிறகு விட்டுவிட்டேன். கூரையைத் தாங்கிய எஸ்.எஸ். கம்பிகள் இதே வகை விரிசலால்தான் அறுந்தன. அங்கே வெந்நீர்த் தொட்டி ஒன்றும் இல்லை. குளத்துக் காற்றில் கலந்திருந்த குளோரின் சேர்மங்கள் கம்பியில் படிந்ததே போதுமானதாக இருந்தது.

சின்னச் சின்ன அடிகளும் பட்டிருக்கிறேன். கடைசலுக்குச் சுலபம் என்று 303-இல் ஒரு தண்டு செய்யச் சொல்லி, பிறகு அதில் ஒரு தகட்டைப் பற்றவைக்கச் சொன்னேன்; அதிலுள்ள கந்தகத்தால் வெல்டிங்கில் வெடிப்பு விழுந்தது. காந்தம் ஒட்டுகிறது, இது போலி என்று ஒரு லோடு 304 வளைவுக் குழாயைத் திருப்பி அனுப்பவிருந்தேன்; குளிர்நிலையில் வளைத்தால் 304-உம் லேசாகக் காந்தத்தில் ஒட்டும் என்று ஸ்டோர்ஸ்காரர்தான் சொல்லித் தடுத்தார். கையில் பிடித்துச் சோதிக்கும் எக்ஸ்ரே கருவி மாலிப்டினத்தைக் காட்டும், கார்பனைக் காட்டாது. அதனால் 316-ஆ, 316எல்லா என்பதற்கு ஆலைச் சான்றிதழைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது கிரேடு கேட்டு யாராவது வந்தால், ஓடும்போது என்ன சூடு, என்ன அழுத்தம் என்பதெல்லாம் அவர்கள் தாளிலேயே இருக்கும். நான் கேட்பது ஓடாத நாளைப் பற்றி. எப்படிக் கழுவுவீர்கள்? எதில்? கழுவிய தண்ணீர் எங்கே தேங்கும்? கசிவு பார்க்க நிரப்பும் சோதனைத் தண்ணீரை என்றைக்கு வடிப்பீர்கள்?

போன மாதம் ஒருவர் 304 கலவைக் கலன் குழி விழுகிறது, 316எல்லுக்கு மாற்ற வேண்டும் என்று வந்தார். கழுவுவதைப் பற்றிக் கேட்டேன். சனிக்கிழமை மாலை பிளீச்சிங் கரைசல் ஊற்றிவிட்டுப் போவோம், திங்கள்கிழமை காலை வடிப்போம் என்றார். சரி என்று கலனின் டிராயிங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கழுவும் முறைத் தாளை வாங்கி அதில் எழுதினேன்: கரைசலை அரை மணிக்குள் வடிக்கவும், நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசவும், உலர்த்தி வைக்கவும். அவர் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் கிளம்பினார்.