மேற்கையில் வலி, தோளில் பூட்டு

சென்ற ஐப்பசி மழையில், ஹட்டனிலிருந்து பாடசாலைக்குப் போகும் காலை பஸ்ஸில் மேற்கம்பியைப் பிடிக்க இடக்கையை உயர்த்தியபோதுதான் அந்த வலியை முதன்முதலாக உணர்ந்தேன். வலித்த இடம் தோள் அன்று. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, பிறந்தவுடன் போட்ட பீ.சீ.ஜீ. ஊசியின் தழும்புக்குச் சற்றுக் கீழே, எலும்புக்குள் இருந்து யாரோ பிசைவது போன்ற வலி. விழவுமில்லை, பாரம் தூக்கவுமில்லை. ஐம்பத்திரண்டு வயதில் காரணம் தெரியாமல் இடக்கை வலித்தால் மனம் நேரே நெஞ்சுக்குத்தான் போகும். எனக்கும் அப்படியே போயிற்று.

அந்தப் பயத்தை வீண்பயம் என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். மலையகத்தில் வீட்டிலிருந்து ரோட்டுக்கு வரவே படியேற வேண்டியிருக்கிறது. அவ்வாறு ஏறும்போது கையில் வலி வந்து நின்றால் தணியுமானால், அல்லது வலியோடு நெஞ்சிறுக்கமோ மூச்சுத்திணறலோ குளிர்வியர்வையோ சேருமானால், தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமலும் வரக்கூடும். என் வலியோ படியேறும்போது வரவில்லை. கையை அசைத்தால் மட்டும் வந்தது. ஈ.சீ.ஜீ.யும் சரியாக இருந்தது.

இதயம் இல்லை என்றானதும் அலட்சியம் வந்துவிட்டது. வாயுப்பிடிப்பு என்றார்கள், உப்பு ஒத்தடம் கொடுத்தேன், சித்தாலேப தேய்த்தேன். முதலில் போய்க் காட்டிய இடத்தில் கையைத் தொட்டும் பாராமல் வலி மாத்திரை எழுதித் தந்தார்கள். அதையே பார்மசியில் திரும்பத் திரும்ப வாங்கி விழுங்கினேன். டைக்ளோபெனக் போன்ற மாத்திரைகளை இப்படிக் கணக்கில்லாமல் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதும், பிரஷர் உள்ளவர்களுக்கு இன்னும் கேடு என்பதும் பின்னர்தான் எனக்கு உறைத்தன. இதற்கிடையில், வலியை விட மெதுவாக வேறொன்று நடந்துகொண்டிருந்தது. முதலில் பின்னல் போட முடியவில்லை. பிறகு பின்புறக் கொக்கியை மாட்ட முடியவில்லை. தை பிறந்தபோது சேலை முந்தானையைத் தோளில் போடுவதற்கே மகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. இரவில் இடப்பக்கம் திரும்பினால் விழித்துவிடுவேன்.

ஐந்தாவது மாதத்தில் பார்த்த வைத்தியர் எந்தப் படமும் எடுக்கச் சொல்வதற்கு முன்பு ஒரே ஒரு காரியம் செய்தார். இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி மடக்கி வைக்கச் சொல்லி, முன்கைகளைக் கதவு திறப்பதுபோல வெளிப்புறமாகத் தாமே தள்ளினார். வலக்கை எளிதாக விரிந்தது. இடக்கை, பூட்டிய கதவைப்போல, பாதியில் நின்றது. நானாக அசைத்தாலும் வேறொருவர் அசைத்தாலும் ஒரே இடத்தில் தடுக்கிறதென்றால், தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறையே தடித்துச் சுருங்கியிருக்கிறது என்று விளக்கினார். உறைதோள் என்று தமிழில் சொல்லும் இந்த வருத்தத்துக்கு 1934இல் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்ற ஆங்கிலப் பெயரைச் சூட்டியவர் அமெரிக்க அறுவை வைத்தியர் கோட்மன். தோள்மூட்டுக்கும் மேற்கையின் வெளிப்பக்கத் தோலுக்கும் செல்லும் நரம்புகள் கழுத்தில் ஏறத்தாழ ஒரே மட்டத்திலிருந்து புறப்படுவதால், மூட்டின் வலியை மூளை கையின் வலியாக வாசிக்கிறது. நான் ஐந்து மாதம் தைலம் தேய்த்த இடத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை.

கையின் வலியெல்லாம் தோளிலிருந்தே வருகிறது என்பதுமில்லை. தோட்டத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் கூடைக் கயிறு தலையில் அழுந்தக் கொழுந்து பறித்த என் சின்னம்மா, வலி கூடும்போதெல்லாம் கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்துக்கொண்டு குந்தியிருப்பார். தலையில் கைவைப்பது அபசகுனம் என்று அப்பாயி திட்டித் தீர்ப்பார். பாவம், சின்னம்மாவுக்குக் கழுத்தெலும்புத் தேய்வில் நரம்பு நெரிந்திருந்தது. கையை உயர்த்தும்போது அந்த நரம்பின் இழுவிசை தளர்வதால் அவருக்கு ஆறுதல் கிடைத்தது. கழுத்தைத் திருப்பினால் வலி கூடுவதும் விரல்வரை மரத்துப்போவதும் இந்த வகையின் அடையாளங்கள். தோளைச் சுழற்றும் தசைநாண்கள் நைந்திருந்தால், கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது நடுவழியில் மட்டும் சுருக்கென்று குத்தும். மற்றவர் தூக்கிவிட்டால் பெரும்பாலும் முழுதாக உயரும். எரிச்சலோடு வந்து சில நாளில் கொப்புளம் போடும் அக்கியும், கொலஸ்ரோல் மாத்திரையால் இரு கைகளிலும் வரும் தசைவலியும் உண்டு. அக்குளில் கட்டி, காரணமின்றி உடல் மெலிதல், கை வீங்குதல் ஆகியவற்றில் எது கண்டாலும் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

உறைதோள் சீனி வருத்தக்காரர்களுக்கு அதிகம் வருவதால் வைத்தியர் இரத்தமும் பார்க்கச் சொன்னார். வெறும் வயிற்றில் 126ஐ எட்டினாலே சீனி வருத்தம் என்று கொள்ளும் அளவு எனக்கு 148 இருந்தது. மறுபடி பார்த்தபோதும் குறையவில்லை. கைவலி மட்டும் வந்திராவிட்டால் அது எனக்குத் தெரிய இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ.

மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டார்கள். இரவு வலி ஒரு வாரத்தில் பாதியாயிற்று, ஆனால் சொன்னபடியே சில நாட்கள் சீனி ஏறியது. பிறகு பயிற்சிதான். சுடுநீர்ப்பை வைத்து இளக்கிவிட்டு, மேசையில் வலக்கையை ஊன்றிக் குனிந்து, இடக்கையைக் கிணற்று வாளிபோலத் தொங்கவிட்டு வட்டமாக ஆட்ட வேண்டும். அடுத்து, சுவரில் விரல்களை எறும்புபோல மேலே ஊர விட வேண்டும். வலி சற்றே தலைகாட்டும் எல்லையில் நிறுத்த வேண்டுமே தவிர, பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கக் கூடாது. தூளி கட்டிக் கையைச் சும்மா வைத்திருப்பதும் பிழை. இது ஒன்றிலிருந்து மூன்று வருடம்வரை எடுக்கக்கூடிய வருத்தம்.

குசினிச் சுவரில் விரல் எட்டிய உயரத்தைப் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதி வருகிறேன். முதற்கோடு என் காதுமட்டத்தில் இருக்கிறது, கடைசிக் கோடு மசாலா டப்பாக்கள் வைக்கும் தட்டுக்குச் சமமாக வந்துவிட்டது. கொக்கி மட்டும் இன்னும் எட்டவில்லை. ஒரு தோள் ஆறியபின் மற்றத் தோளுக்கும் இது வருவதுண்டு என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் வலக்கையையும் விலாவோடு ஒட்டி வைத்து, கதவு எவ்வளவு தூரம் திறக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.