வேலிக்கான மூன்று கொட்டேஷன்களை ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம்

வீட்டைச் சுற்றிக் கம்பிவலை வேலி போடுவதற்காக மூன்று ஒப்பந்ததாரர்களை அழைத்து, மனையைக் காட்டி, கொட்டேஷன் கேட்டிருந்தேன். வந்து சேர்ந்த மூன்று தாள்களில், அதிகமான தொகை குறைவான தொகையைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது. ஒருவர் ஏமாற்றுகிறார் என்றோ, மற்றொருவர் தாராளமானவர் என்றோ உடனே முடிவு கட்டுவது எளிது. ஆனால் வரிவரியாகப் படித்தபோது, மூவரும் ஒரே மனையை அளந்துவிட்டு மூன்று வெவ்வேறு வேலிகளுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள் என்பது புரிந்தது.

முதலில் அளவுமுறையைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஒருவர் நீள அடிக்கு இவ்வளவு என்றும், இன்னொருவர் சதுர அடிக்கு இவ்வளவு என்றும் எழுதியிருந்தார்; மூன்றாமவர் எந்தக் கணக்கும் காட்டாமல் மொத்தத் தொகையை மட்டும் தந்திருந்தார். சுற்றளவு 240 அடி, வேலியின் உயரம் 5 அடி என்பதால், சதுர அடி விலையை ஐந்தால் பெருக்கினால் நீள அடி விலை கிடைத்துவிடும். அப்படி மாற்றியபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பெரிய கேட், சிறிய கேட் இரண்டும் சேர்ந்து 14 அடி அகலம் பிடிக்கின்றன. வலை போட வேண்டிய நீளம் 226 அடிதான். ஒரு கொட்டேஷனில் 240 அடிக்கும் வலை விலை போட்டு, கேட்டுகளுக்குத் தனியாகவும் விலை சேர்க்கப்பட்டிருந்தது. சுட்டிக்காட்டியதும் அவர் மறுப்பேதும் சொல்லாமல் திருத்திக் கொடுத்தார்.

வலையைப் பற்றித்தான் அதிகம் படிக்க வேண்டியிருந்தது. கம்பியின் தடிமனைக் குறிக்கும் கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலிதாகும் என்பதை அறியாதவர்களுக்கு, 12 கேஜ் என்பது 10 கேஜைவிட உயர்ந்ததாகத் தோன்றக்கூடும். பரவலாகப் புழங்கும் எஸ்.டபிள்யூ.ஜி. (ஸ்டாண்டர்ட் வயர் கேஜ்) அளவுமுறையில் 10 கேஜ் கம்பியின் விட்டம் 3.25 மில்லிமீட்டர், 12 கேஜ் கம்பியின் விட்டம் 2.64 மில்லிமீட்டர். பார்வைக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் கம்பியின் எடை விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், கண்ணளவு, அதாவது வலையின் துளை அளவு, ஒன்றாகவே இருந்தாலும் 12 கேஜ் வலையில் இருக்கும் இரும்பு, 10 கேஜ் வலையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கண்ணளவும் மாறினால் கணக்கு இன்னும் விலகும்: 2 அங்குலக் கண்ணுக்குப் பதிலாக 3 அங்குலக் கண் என்றால், அதே கேஜில்கூடக் கம்பி வெகுவாகக் குறைந்துவிடும். அளவுமுறைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை இருப்பதால், கேஜ் எண்ணை விட்டுவிட்டு, விட்டத்தை மில்லிமீட்டரில் எழுதித் தருமாறு மூவரையும் கேட்டுக்கொண்டேன்.

பிளாஸ்டிக் பூச்சுள்ள பச்சை வலையில் இந்தக் கவனம் இரட்டிப்பாகத் தேவை. 4 மில்லிமீட்டர் என்று ஒரு ஒப்பந்ததாரர் தந்த மாதிரித் துண்டின் நுனியில் பச்சைப் பூச்சைக் கத்தியால் சீவி எடுத்துவிட்டு, விட்டத்தை அளக்கும் வெர்னியர் காலிப்பரை வைத்துப் பார்த்தேன். உள்ளே இருந்த கம்பி 3 மில்லிமீட்டர்தான். அவர் சொன்னது பொய் என்று சொல்ல முடியாது, பூச்சோடு சேர்த்து 4 இருந்தது. ஆனால் வேலியைத் தாங்குவது உள்ளே இருக்கும் கம்பி, பூச்சு அல்ல. துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. வலையிலும் 'ஜி.ஐ.' என்ற இரண்டெழுத்து போதாது. ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு எத்தனை கிராம் துத்தநாகம் என்று கேட்க வேண்டும். துத்தநாகம் தான் அரிபட்டுக்கொண்டே இரும்பைக் காப்பது என்பதால், பூச்சின் அளவுதான் வலையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

தூண்களின் எண்ணிக்கையைக் குறைந்த விலை கொட்டேஷன் குறிப்பிடவே இல்லை. கேட்டபோது 10 அடிக்கு ஒரு தூண் என்றார். மற்ற இருவரும் 8 அடிக்கு ஒன்று வைத்திருந்தார்கள். 240 அடிக்கு ஏறத்தாழ 24 தூண்களா, 30 தூண்களா என்ற வேறுபாடு அது. மேலே 5 அடி நிற்க வேண்டிய தூணின் மொத்த நீளம் ஆறரை அடியா, 7 அடியா என்பதும், குழியில் கான்கிரீட் போடப்படுமா, மண்ணையும் கல்லையும் போட்டுக் கெட்டிப்பார்களா என்பதும் அதே அளவுக்கு முக்கியம். வலையை இழுத்துக் கட்டும்போது அந்த இழுவிசை முழுவதும் மூலைத் தூண்களின் மீதும் கேட் தூண்களின் மீதும்தான் விழுகிறது. அங்கே சாய்வான முட்டுத்தூண்கள் இல்லையென்றால், தூண் உட்பக்கமாகச் சாய்ந்து வலை தொய்ந்துபோகும். மூவரில் ஒருவர் மட்டுமே முட்டுத்தூண்களைத் தனி வரியாகக் காட்டியிருந்தார், அவருடைய தொகைதான் நடுவில் இருந்தது. அந்த ஒரு வரியே அவர்மீது எனக்கு நம்பிக்கை வரக் காரணமாயிற்று.

இவற்றையெல்லாம் ஒரே தாளில் எழுதினேன்: வலையின் உயரம், கம்பியின் விட்டம், கண்ணளவு, துத்தநாகத்தின் அளவு, தூண்களின் இடைவெளியும் மொத்த நீளமும், குழியின் ஆழம், கான்கிரீட் கலவை, முட்டுத்தூண்கள், வலையைத் தாங்க மேல், நடு, கீழ் என மூன்று வரிசைக் கம்பி, கேட்டின் சட்டக் குழாய், கீல், தாழ்ப்பாள். கேட்டில் வெல்டிங் செய்த இடங்களில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோவதால், அங்கே துத்தநாக பெயின்ட் அடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தேன். இந்தத் தாளை மூவருக்கும் அனுப்பி, இதற்கு மட்டும் விலை தாருங்கள் என்று கேட்டேன். குறைந்த விலை சொன்னவரின் தொகை கணிசமாக உயர்ந்தது. அதிக விலை சொன்னவரின் தொகை சற்று இறங்கியது. மூன்றுக்கும் இடையே எஞ்சிய வித்தியாசத்தைக் கூலியும் லாபமும் சார்ந்தது என்று ஏற்றுக்கொள்ள முடிந்தது.

சேர்க்கப்படாதவை எவை என்று கேட்டதும் பயன் தந்தது. பழைய வேலியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவது, பொருள்களை ஏற்றி இறக்கும் கூலி, வரி, வேலைக்கான தண்ணீர், மீந்த மண்ணை அகற்றுவது ஆகியவற்றை ஆளுக்கொரு விதமாக விட்டிருந்தார்கள். குழி தோண்டும்போது பாறை வந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு இருவர் 'அப்போது பார்த்துக்கொள்ளலாம்' என்றார்கள். முட்டுத்தூண்களைக் காட்டியிருந்தவர், பாறை வரும் குழி ஒன்றுக்கு இவ்வளவு கூடுதல் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார். வேலையை அவரிடமே ஒப்படைத்தேன்.

தொகையைப் பேசி முடித்த பிறகு, பணம் கொடுக்கும் முறையை அதே தாளில் எழுதிக்கொண்டோம். சிறிய முன்பணம், தூண்களும் வலையும் மனைக்கு வந்து நான் அளந்து பார்த்தபின் ஒரு பகுதி, தூண் நட்டு முடித்தபின் ஒரு பகுதி, கேட் தொங்கவிட்டுத் தடையின்றித் திறந்து மூடுவதைப் பார்த்தபின் மீதி என்பது ஏற்பாடு. கான்கிரீட் போட்டு ஒரு வாரமாவது நனைத்து ஆறவிட்ட பின்னரே வலையை இழுக்க வேண்டும் என்பதை அவரே சேர்த்தார். கொட்டேஷனில் உள்ள நீளத்துக்கு அல்லாமல் உண்மையில் போடப்பட்ட நீளத்துக்கே பில் என்ற வரியை நான் சேர்த்தேன். வேலை முடிந்ததும் இருவருமாக நாடா பிடித்து அளந்ததில் வலை 223 அடிதான் வந்தது. மீதித் தொகையை அந்த அளவுக்கே கணக்கிட்டு வாங்கிக்கொண்டார்.