உடுமலைக் காட்டில் ஒரு ஃபோம் விமானம்

ஜனவரி 11, 2025, சனி

ரிமோட்டில் பறக்கவிடும் ஃபோம் போர்டு விமானம் ஒருவழியாக முழு உருவத்துக்கு வந்துவிட்டது. இறக்கை நுனிக்கு நுனி 120 செ.மீ., பேட்டரியோடு 900 கிராம். இறக்கை உடலுக்கு மேலே உட்காரும், பறக்கவிடப் பழகுபவர்களுக்கான டிரெய்னர் வகை. அக்கா மகன் சண்டை விமானம்தான் வேண்டும் என்றான். அவ்வளவு வேகத்தில் கற்றுக்கொள்பவனுக்கு யோசிக்க நேரமே கிடைக்காது, அதனால் விடவில்லை.

சாயங்காலம் முழுக்க சமநிலை பார்ப்பதில் போனது. இறக்கையின் அகலம் 20 செ.மீ. முன்விளிம்பிலிருந்து 5, 6 செ.மீ. தள்ளி, அடியில் விரல் கொடுத்துத் தூக்கினால் மூக்கு லேசாகத் தாழ்ந்து நிற்க வேண்டும். எங்களுடையது வால் பக்கம் சாய்ந்தது. ஈயம் ஒட்டாமல் பேட்டரியை முன்னால் தள்ளினோம். எடை கூடாமல் சரியாகிவிட்டது. மூக்கு கனத்தால் விமானம் மந்தமாகப் பறக்கும், அவ்வளவுதான். வால் கனத்தால் எலிவேட்டரை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பை, தொட்டதும் துள்ளும், அப்புறம் அடக்கவே முடியாது.

ஜனவரி 12, ஞாயிறு

ட்ரோன்களுக்கான அரசுத் தளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் எங்கள் கடலைக் காட்டைத் தேடினேன். பச்சை மண்டலம். 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சையில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி வேண்டாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. என்றால் 200 அடிதான். நமக்கு 200 அடியே தாராளம். விமானம் கண்பார்வைக்குள் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. இந்த அளவு விமானம் கொஞ்சம் தூரம் போனாலே முகம் எது வால் எது என்று தெரியாது.

ஜனவரி 18, சனி

ப்ரொப்பல்லரைக் கழற்றிவிட்டுத்தான் மோட்டாரைச் சோதித்தோம். வீட்டுக்குள் வேறு வழியே கிடையாது. 10 அங்குல ப்ரொப்பல்லர் விரலைத் துண்டாக்கிவிடும்.

கையில் பிடித்து ஓட்டும் டிரான்ஸ்மிட்டரை முதலில் ஆன் செய்து, அப்புறம் விமானத்தில் பேட்டரி. அணைக்கும்போது முதலில் பேட்டரி, கடைசியில் டிரான்ஸ்மிட்டர். விமானத்துக்குப் பின்னால் நின்று பார்த்தால், டிரான்ஸ்மிட்டர் குச்சியை வலப்பக்கம் தள்ளும்போது வலது ஏலரான், அதாவது இறக்கையின் பின்விளிம்பு மடிப்பு, மேலே எழ வேண்டும். தன் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் எழ வேண்டும். அவனை வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன்.

சிக்னல் அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஃபெயில்சேஃப்தான் எனக்கு முக்கியம். மோட்டார் மெல்ல ஓடும்போதே டிரான்ஸ்மிட்டரை அணைத்தோம். உடனே நின்றது. விமானத்தில் சிக்னல் வாங்கும் ரிசீவர்கள் சில, கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டு மோட்டாரை ஓட்டும்; சிக்னல் போன விமானம் முழு வேகத்தில் யார்மேல் விழுமோ.

லைபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி 2200 எம்ஏஎச், மூன்று செல். 2.2 ஆம்பியரில், சிமெண்டுத் தரையில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து 12.6 வோல்ட் வரை ஏற்றினேன்.

ஜனவரி 19, ஞாயிறு

பறக்கவிடவில்லை.

டிரான்ஸ்மிட்டரை, சிக்னல் பலத்தைக் குறைக்கும் ரேஞ்ச் சோதனை நிலையில் வைத்து முப்பது அடி எடுத்து வைத்து நடந்தேன். "மாமா, வால் நடுங்குது" என்று கத்தினான். ரிசீவரின் ஆன்டெனா கம்பி பேட்டரி ஒயர்களோடு ஒட்டிக் கிடந்தது. இரண்டு ஆன்டெனா கம்பிகளையும் அங்கிருந்து விலக்கி, ஒன்றுக்கொன்று செங்குத்தாக டேப் போட்டு ஒட்டினோம். மறுபடி நடந்தபோது நடுக்கம் இல்லை.

அதற்குள் மணி ஒன்பதரை. தென்னை மட்டைகள் ஆட ஆரம்பித்துவிட்டன. கிழக்குக் காற்று, போதாக்குறைக்கு ஆடுகள் வேறு காட்டுக்குள் வந்துவிட்டன. அவன் முகம் சுண்டிப்போனது. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் முதல் பறப்பைக் காற்றோடு மல்லுக்கட்டி நடத்த எனக்கு மனசில்லை.

பிப்ரவரி 1, சனி

பறந்துவிட்டது!

காலை ஏழு மணி. வெயில் முதுகில் படும்படி நின்றோம். கடலை பிடுங்கிய காடு, சக்கரம் உருளாது. கையால்தான் விட வேண்டும். எதிர்க்காற்றில், மட்டமாக. மேல்நோக்கி எறிந்தால் வேகம் இல்லாமல் மூக்கு தூக்கி அப்படியே சரிந்துவிடும். நண்பர் இறக்கைக்கு அடியில் பிடித்து, ப்ரொப்பல்லருக்குப் பின்னால் கை இருக்கும்படி விட்டார். மோட்டார் வேகம் (திராட்டில்) முக்கால். மெல்ல ஏறியது. இடப்பக்கம் லேசாக இழுத்தது, டிரான்ஸ்மிட்டரின் டிரிம் பொத்தானில் சரிசெய்தேன்.

நல்ல உயரத்துக்குப் போனதும் திராட்டிலைக் குறைத்து, எந்த வேகத்தில் இறக்கைக்குக் காற்றில் பிடி தளர்கிறது என்று பார்த்தேன். மூக்கு தொங்கியது; குச்சியை முன்னால் தள்ளி வேகம் கொடுத்ததும் மீண்டது. இறங்கும்போது எவ்வளவு வேகம் வேண்டும் என்பது இப்போது கைக்குத் தெரியும்.

டைமர் ஆறு நிமிடம். ஒலித்ததும் காற்றுக்கு எதிராக, நீளமாக, ஆள் இல்லாத பக்கமாக இறக்கினேன். வீட்டில் பார்த்தபோது செல்லுக்கு 3.75 வோல்ட். காலி பண்ணாமல் இறக்கியது நல்லது.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று அவன் கையில். என்னுடையது, அவனுடையது என இரண்டு டிரான்ஸ்மிட்டர்களையும் இணைத்திருந்தோம். என் சுவிட்சை விட்டால் கட்டுப்பாடு எனக்கு வந்துவிடும். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலமாகிவிடும், எல்லோரும் தடுமாறும் இடம் அது. "எந்த இறக்கை தாழுதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு" என்றேன். இரண்டு வட்டம் சுத்தமாக அடித்தான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பேட்டரியைச் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்தாயிற்று. இறக்கையைக் கட்டும் ரப்பர் பேண்டுகள் வெயிலில் வெடிக்க ஆரம்பித்திருக்கின்றன, அடுத்த சனிக்கு முன் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.