ரோபோ வாக்குவம் கிளீனர் வட்டமடித்தால் எங்கே பார்க்க வேண்டும்?

எங்கள் வீட்டு ரோபோ வாக்குவம் கிளீனர் கொஞ்ச காலமாகவே படுத்திக்கொண்டிருந்தது. நல்ல தரையிலேயே திடீரென்று பின்வாங்கும். அப்புறம் ஒரே இடத்தில் வட்டமடிக்க ஆரம்பித்தது. கடைசியில் சார்ஜும் ஏறவில்லை. சர்வீஸ் ஆளிடம் போனில் சொன்னபோது, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போயிருக்கும், மாற்றிவிடலாம் என்றார். திறந்துகூடப் பார்க்காமல் போர்டை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. மெஷினை அணைத்து, துணி விரித்துக் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதலில் அந்தப் பின்வாங்கல். அடிப்பக்க ஓரத்தில் சின்னச் சின்னக் கறுப்பு ஜன்னல்கள் இருக்கும். அவைதான் பள்ளம் கண்டுபிடிக்கும் சென்சார்கள். அகச்சிவப்பு ஒளியைத் தரையில் அடித்து, அது திரும்பி வருகிறதா என்று பார்க்கும். வராவிட்டால் முன்னால் படிக்கட்டு என்று எடுத்துக்கொண்டு மெஷின் பின்வாங்கும். அந்த ஜன்னல்கள் மேல் மெல்லிய தூசிப் படலம் இருந்தாலும் இதே கதைதான். உலர்ந்த மென்மையான துணியால் துடைத்ததும் சரியாகிவிட்டது, வாசலில் கிடந்த கறுப்பு மிதியடியைத் தவிர. கறுப்பு நிறம் அகச்சிவப்பை உறிஞ்சிவிடுவதால், மெஷினுக்கு அந்த மிதியடி ஒரு குழி. இது பழுதே இல்லை. சென்சார் மேல் டேப் ஒட்டச் சிலர் சொல்வார்கள். படிக்கட்டு உள்ள வீட்டில் தயவுசெய்து செய்யாதீர்கள், உருண்டு விழும். நான் மிதியடியை எடுத்துவிட்டேன்.

வட்டமடிப்பதுதான் நிறைய நேரம் எடுத்தது. காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: முன்பக்க பம்பர் உள்வாங்கி மாட்டிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் ஒரு பக்கச் சக்கரம் இறுகியிருக்கும். பம்பரை இடது, நடு, வலது என்று அழுத்திப் பார்த்தேன். எல்லா இடத்திலும் டக்கென்று வெளியே வர வேண்டும். வலப்பக்கம் மட்டும் மந்தமாக வந்தது. இடுக்கில் இருந்த மணலைப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். அப்படியும் சுற்றல் நிற்கவில்லை. பெரிய சக்கரங்களைக் கையால் உருட்டிப் பார்த்தபோதுதான், இடது சக்கரம் வலதைவிட இறுக்கமாகச் சுற்றுவது தெரிந்தது. சக்கரத்துக்கும் உறைக்கும் நடுவே தலைமுடி. டுவீசரால் பிடித்து இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

முன்னால் இருக்கும் குட்டிச் சக்கரத்தையும் கழற்றிப் பாருங்கள். பல மாடல்களில் நேராக இழுத்தால் வந்துவிடும். எங்களுடையதில் அச்சுக்கம்பி முழுக்க முடி சுற்றி, அதில் தூசி ஏறி, கம்பளித் துணி மாதிரி கெட்டியாகியிருந்தது. நகவெட்டியால் குறுக்கே வெட்டித்தான் உரித்தேன். பெரிய பிரஷ்ஷின் நடுவில் சுற்றிய முடி எல்லோர் கண்ணிலும் படும். இரு முனைகளிலும் உள்ள மூடிகளுக்குள் ஒளிந்திருப்பதுதான் வம்பு. அதை விட்டுவைத்தால் பிரஷ் இறுகி மோட்டாருக்குச் சுமை கூடும்.

சார்ஜ் விஷயம் எதிர்பார்த்ததைவிடச் சுலபம். லித்தியம் அயன் பேட்டரி தேய்ந்தால் மெஷின் ஓடும் நேரம் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நேற்று வரை நன்றாக ஓடியது இன்று சார்ஜே ஏறவில்லை என்றால், பேட்டரி வாங்கும் முன் அடியில் உள்ள இரண்டு உலோகத் தகடுகளையும், சார்ஜிங் ஸ்டாண்டில் உள்ள தகடுகளையும் பாருங்கள். எங்களுடையவை மங்கிப்போயிருந்தன. ஸ்டாண்டின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்தேன். வைத்தவுடன் விளக்கு எரிந்தது. ஸ்டாண்டின் இரு பக்கமும் அரை மீட்டராவது காலியாக இருக்கட்டும். அதன் மேல் நேர் வெயில் விழுந்தால், அகச்சிவப்பு சிக்னலைத் தேடி வரும் மெஷின் ஸ்டாண்டைக் கண்டுபிடிக்கத் திணறும்.

உறிஞ்சும் திறன் குறைந்தால் ஃபில்டரைத் தட்டுங்கள். கழுவலாம் என்று மேனுவலில் இருந்தால் மட்டும் கழுவுங்கள், கழுவினால் 24 மணி நேரமாவது காயவிடுங்கள். ஈரத்தோடு மாட்டினால் தூசி சேறாகி அப்பிக்கொள்ளும்.

இதற்கு நடுவே வைஃபை ரவுட்டரை மாற்றியதில், போனில் இருக்கும் மெஷினின் ஆப் (app) வழியாகவும் இணைக்க முடியவில்லை. இந்த மெஷின்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் இணையும். புது ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே வைஃபை பெயர் வைத்திருந்தது. பெயரைப் பிரித்து, போனையும் 2.4-இல் போட்டு மறுபடி சேர்த்தேன், இணைந்துவிட்டது.