வைகையில் ஏழரை மணி நேரம்: எதிர் சீட்காரர் சில்லறை கேட்பாரா?

ரயில்வே விற்கும் 'ரயில் நீர்' தண்ணீர் பாட்டில் 1 லிட்டர் 14 ரூபாய், அரை லிட்டர் 9 ரூபாய். 2025 செப்டம்பரில் குறைத்த விலை இது. செங்கல்பட்டு தாண்டியதும், சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் வைகை எக்ஸ்பிரஸ் பெட்டிக்குள் பாட்டில் தூக்கி வந்தவர் லிட்டருக்கு 20 வாங்கினார். கேட்டால் "சில்லறை இல்ல சார்". இது பச்சைக் கொள்ளை. ஒரு பாட்டிலுக்கு 6 ரூபாய் என்றால் ஒரு பெட்டியில் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போட்டாலே வயிறு எரிகிறது. பெட்டி எண், நேரம், விற்பவரின் அடையாள அட்டை எண் மூன்றையும் குறித்துக்கொண்டு ரயில்வே உதவி எண் 139-க்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள். அட்டை எண் இல்லாத புகாரை வைத்து ஆளைப் பிடிப்பது கஷ்டம்.

ஆனால் கூட வருபவர் அடுத்து என்ன செய்வார் என்று வழிநெடுக ஊகித்து ஆடும் விளையாட்டுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது: பக்கத்தில் இருக்கும் ஆறு பேரில் பாக்கி ஆறு ரூபாயைக் கேட்டு வாங்கப்போவது யார்?

தாம்பரத்திலிருந்து போனில் ஊர் அரசியலையே அலசிக்கொண்டு வந்தவர்தான் கேட்பார் என்று யாருக்கும் தோன்றும். அவர் இருபதை நீட்டிவிட்டு மறுபடி போனுக்குப் போய்விட்டார். ஜன்னலோரத்தில் வாயே திறக்காமல் வந்த அம்மா இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்தார். ஒரு பத்து ரூபாய் நோட்டு, இரண்டு இரண்டு ரூபாய்க் காசு. பாட்டிலில் அச்சடித்திருந்த விலையின் மேல் கட்டை விரலை வைத்துக் காட்டி, "இதுதானே போட்டிருக்கு தம்பி?" என்றார். அவ்வளவுதான். பேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு நகர்ந்தார் விற்பவர். ஊகிக்கும்போது குரலைக் கேட்டு ஏமாறக் கூடாது. கையையும் பையையும் பார்க்க வேண்டும். காசை வகை பிரித்து முடிந்து வைத்திருக்கும் கை கணக்கில் விடாது.

ஆடும் முறை இதுதான். இரண்டு பேர் போதும். கேள்வி அரை மணி நேரத்துக்குள் கண்ணெதிரே தானாகவே தெரிந்துவிடக்கூடியதாக இருக்க வேண்டும்: காபியா டீயா, செருப்பைக் கழற்றுவாரா, பேப்பரை எந்தப் பக்கத்திலிருந்து திறப்பார். விடை தெரியும் முன்பே ஊகத்தை எழுதிவிட வேண்டும். வாயால் சொன்னால் பிறகு "நான் அதைத்தானே சொன்னேன்" என்று தகராறு வரும். "இவர் மனசு நல்ல மனசு" மாதிரி ஊகங்கள் செல்லாது. அது கிளி ஜோசியம், எவருக்கும் பொருந்தும்.

இரண்டில் ஒன்று கேள்விகளில் பத்துக்கு ஐந்து சரி என்றால் பெருமைப்பட ஒன்றுமில்லை, நாணயம் சுண்டினாலும் அது வரும். சும்மா சுண்டி எட்டோ அதற்கு மேலோ சரியாக வருவதற்கு 5 சதவீதம் சொச்சம்தான் வாய்ப்பு. எட்டு எடுத்தவரை மதிக்கலாம்.

ஜாதி, மதம், சம்பளம், கல்யாணம் பற்றி ஊகிக்கவே கூடாது. "எந்த ஊரு, எந்தத் தெரு" என்று நம் ஊரில் எதற்குக் கேட்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அசிங்கத்தை விளையாட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். அடுத்தவர் போன் திரையை எட்டிப் பார்ப்பதும் கிடையாது.

அடிக்கடி தோற்பதற்கு ஒரே காரணம், நமக்குப் பிடித்ததை எதிராளி தலையில் கட்டுவது. காபிப் பிரியர் பெட்டி முழுக்கக் காபிக்காரர்களையே பார்ப்பார். 1977-இல் லீ ராஸ் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் இதை அமெரிக்க மாணவர்களிடம் சோதித்துக் காட்டினார்கள். விளம்பரப் பலகையை மாட்டிக்கொண்டு வளாகத்தைச் சுற்றிவரச் சம்மதித்தவர்கள், பெரும்பாலோர் சம்மதிப்பார்கள் என்றார்கள். மறுத்தவர்கள், பெரும்பாலோர் மறுப்பார்கள் என்றார்கள். வைகை ஓட ஆரம்பித்ததும் அதே 1977, ஆகஸ்ட் 15. ஊகம் எழுதும் முன் "இது என் ருசியா, அவர் ருசியா?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் சில தப்பாவது குறையும்.

திருச்சியை நெருங்கும்போதுதான் ஆட்டம் சூடு பிடிக்கும். ஆற்றில் காசு போடப்போவது யார்? முதலில் வருவது கொள்ளிடம், அப்புறம் ஸ்ரீரங்கம் ஸ்டேஷன், அதற்கப்புறம்தான் காவிரி. வெளியூர்க்காரர் முதல் பாலத்திலேயே போட்டுவிடுவார். உள்ளூர்க்காரர் மலைக்கோட்டை தெரியும்வரை காசை உள்ளங்கையில் வைத்திருப்பார். கேள்வியைக் கொள்ளிடத்துக்கு முன்பே எழுதிவிடுங்கள்.

திருச்சி தாண்டினால் முறுக்கு. மணப்பாறை முறுக்குக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நியாயமான மரியாதை. வெளிச்சுற்றிலிருந்து கடித்துக்கொண்டே உள்ளே போவாரா, நடுவில் ஒரே அமுக்காக நொறுக்குவாரா? குழந்தை கூட இருந்தால் நொறுக்குவார்கள், பங்கு பிரிக்க வேண்டுமே. தனியாக வருபவர்கள் சுற்றுச் சுற்றாகத்தான். இந்தக் கேள்வியில் தோற்பது அபூர்வம்.

செலவு? இரண்டாம் வகுப்பு உட்காரும் டிக்கெட் சுமார் 200 ரூபாய். ஏசி சேர் காருக்கு மூன்று மடங்குக்கு மேல் ஆகும். கொடுக்காதீர்கள். அங்கே ஆளாளுக்குக் காதில் எதையோ மாட்டிக்கொண்டு முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள், ஊகிக்க ஒன்றுமே கிடைக்காது.

மதுரை ஜங்ஷன் வாசலில் ஆட்டோக்காரர் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு 150 கேட்டார். நடந்தே போகிற தூரத்துக்கு நூற்றைம்பது! மிச்சமான காசுக்கு ராத்திரி இட்லிக் கடை. வாழை இலையில் நாலு இட்லி, சுற்றிலும் தேங்காய், தக்காளி, மல்லி, கார வெங்காயம் என நாலு சட்னி. பஞ்சு மாதிரி இட்லி, கார வெங்காயத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அப்படி ஒரு ருசி. எதிரே சாப்பிடுபவர் முதலில் எந்தச் சட்னியைத் தொடுகிறார் என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், கைக்கு அருகில் இருப்பதைத்தான் எல்லோரும் தொடுவார்கள். இரண்டாவது தடவை எதைக் கேட்கிறார் என்று எழுதுங்கள். எதிர் பெஞ்சில் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு உட்கார்ந்தவருக்குக் காரம் என்று எழுதியது தப்பு. தேங்காய்ச் சட்னி இரண்டு கரண்டி வாங்கினார், மூன்றாவதுக்கும் இலையைத் தள்ளினார்.